மகளுக்குப் போட்ட வெயிட்டிங் சார்ஜ்

மலைநாட்டில் ஆட்டோ ஓட்டுகிறவனுக்கு இரண்டே இரண்டு வித்தை தெரிந்தால் போதும்: இறக்கத்தில் பிரேக்கைப் பிடிக்க வேண்டும், ஏற்றத்தில் வாயைப் பொத்திக்கொண்டிருக்க வேண்டும். முதலாவது எனக்கு நன்றாகவே வரும்.

மஸ்கெலியா டவுன் ஸ்டாண்டில் பதினாறு வருஷமாக நிற்கிறேன். நடுவில் கொஞ்ச காலம் ஹட்டன் கோர்ட் வாசலிலும் நின்றேன். பிரிந்துபோன மனைவி, ஒரே மகள், மகளுக்குக் கட்ட வேண்டிய தாபரிப்புப் பணம், அதில் விழுந்த நிலுவை. இந்த நாலும் வந்து சேர்ந்தவர்களுக்கு நான் மேலே ஒன்றும் விளக்கத் தேவையில்லை. எதிர்க்கட்சியின் குடை எந்தப் பக்கம் போகிறது என்று ஓரக்கண்ணால் பார்த்தபடி கோர்ட் கேண்டீனில் பிளேன் டீ குடித்த அப்பாமாரே, அம்மாமாரே, இது உங்களுக்காகத்தான். மற்றவர்களும் ஏறி உட்காருங்கள், ஹயர் காசு கேட்க மாட்டேன்.

மகள் தர்ஷினி, நாங்கள் கூப்பிடுவது பாப்பா, இப்போது ஹட்டனில் என் அக்கா வீட்டில் தங்கி உயர்தர வகுப்புப் படிக்கிறாள். மாதத்தில் ஒரு தரமோ இரண்டு தரமோ வருவாள். கோர்ட்டுக்கு அலைந்த காலத்தை எவனாவது ஆசையாக நினைப்பானா என்று கேட்டால், நான் நினைக்கிறேன். அப்போது அவள் தினமும் என் கண்ணில் பட்டாள்.

பாதி சீட்

விமலாவும் நானும் பிரிந்தபோது பாப்பா மூன்றாம் வகுப்பு. எனக்குக் கோபம் வந்தால் நாள்கணக்கில் பேச மாட்டேன். விமலாவுக்குக் கோபம் வந்தால் நாள்கணக்கில் பேசுவாள். தேயிலைத் தோட்டத்து லயத்தின் ஒற்றை அறைக் காம்பராவுக்குள் இரண்டையும் எத்தனை நாள் வைத்திருக்க முடியும்? அவள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அதே தோட்டத்தின் மேல் டிவிசனில் அவளுடைய அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். நான் கீழ் டிவிசனிலேயே கிடந்தேன். மாதா மாதம் இவ்வளவு என்று கோர்ட் ஒரு தொகையைச் சொல்லி, விமலாவின் பேங்க் புத்தகத்தில் போடச் சொன்னது. ஆரம்பத்தில் ஒழுங்காகத்தான் போட்டேன்.

அந்த நாளில் எனக்கு ஸ்கூல் ஹயர் இருந்தது. தோட்டத்துப் பிள்ளைகள் எட்டுப் பேரை டவுன் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட வேண்டும். ஒரு ஆட்டோவில் எட்டுப் பேரா என்று நீங்கள் கேட்கக் கூடாது, பொலிஸ்காரரே கேட்கவில்லை. பாப்பா மேல் டிவிசன் பீலிக்கரையில் தண்ணீர்க் குடங்களுக்குப் பக்கத்தில் நிற்பாள். பின்னால் ஏழு பேர். முன்னால் என் சீட்டில் பாதி அவளுடையது. என் வண்டியில் வைப்பர் வேலை செய்யாது. மூடுபனிக் காலத்தில் கையை வெளியே விட்டுக் கண்ணாடியைத் துடைப்பது அவள் வேலை. துடைத்துவிட்டு, டப்பாவிலிருந்து ரொட்டியைப் பிய்த்துச் சம்பலில் தொட்டு என் வாயில் வைப்பாள். காலையில் இருபது நிமிஷம், பகலில் இருபது நிமிஷம். ஒரு நாளில் எனக்கு மகள் இருந்தது அவ்வளவு நேரந்தான். மற்றப் பிள்ளைகளின் வீட்டில் மாதக் கடைசியில் காசு வாங்குவேன். பாப்பாவின் பேரில் ஒரு காசு எழுத வேண்டும் என்ற நினைப்பே எனக்குக் கிடையாது. இதைக் கொஞ்சம் மனதில் வையுங்கள், சீக்கிரமே நான் கெட்டுப்போகப் போகிறேன்.

நீர்த்தேக்கத்தை ஒட்டின வளைவில் தண்ணீர் வற்றியிருந்தால், முங்கிக் கிடக்கிற பழைய கோயிலின் தலை தெரியும். பிள்ளைகள் எல்லாரும் ஒரே பக்கமாகச் சாய்ந்து கத்துவார்கள், வண்டியும் அந்தப் பக்கம் சாயும். நான் திட்டுவேன். பாப்பா மட்டும் கோயிலைப் பார்க்காமல் ரோட்டைப் பார்ப்பாள். ஒரு நாள் என் கையைத் தட்டிச் சொன்னாள்: "அப்பா, கொஞ்சம் மெதுவா போங்க. ஸ்கூல் சீக்கிரமா வந்துருது."

தேடி வந்தவர்

பாழாய்ப்போன கொரோனா வந்தது. பள்ளிக்கூடம் இல்லை, ஹயர் இல்லை. அது போய் மூச்சு விடுவதற்குள் பெட்ரோல் இல்லாமல் போனது. வண்டியை வரிசையில் விட்டுவிட்டு அதற்குள்ளேயே குடித்தனம் நடத்தினோம். தாபரிப்பு ஒரு மாதம் தவறியது, அடுத்த மாதமும் தவறியது, அப்புறம் எண்ணுவதையே விட்டுவிட்டேன். கையில் காசே இல்லை என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். வண்டி லீசிங் கடனை எப்படியோ புரட்டிக் கட்டினேன். லீசிங்காரன் வந்தால் வண்டியைத் தூக்குவான். விமலா எதைத் தூக்குவாள் என்ற தைரியந்தான்.

பெட்ரோல் திரும்பக் கிடைக்க ஆரம்பித்த சமயம், ஸ்டாண்டில் ஒரு புது ஆள் வந்து என் வண்டியில் ஏறினார். கினிகத்தேனைக்காரர், சிங்களவர். நம்மைவிட நிதானமாகத் தமிழ் பேசினார். எங்கள் தோட்டத்துக் கீழ் டிவிசனுக்குப் போக வேண்டும் என்றார். கோர்ட் கடிதங்களைக் கொண்டுபோய்க் கொடுக்கிற உத்தியோகமாம். "பிள்ளைக்குக் காசு கட்டாத ஆளுங்க தம்பி, நம்மள கண்டாலே தேயிலைக்குள்ள பாஞ்சு ஓடுறாங்க" என்று அலுத்துக்கொண்டார். "சீ, இப்படியும் மனுசங்க இருக்காங்களா" என்று நானும் தலையை ஆட்டினேன்.

கீழ் டிவிசன் கோயிலடியில் இறங்கி, "இந்த ஆளு எந்த லயம்?" என்று தாளை நீட்டினார். பெருமாள் செல்வராஜ் என்று போட்டிருந்தது. ஸ்டாண்டில் எல்லாருக்கும் நான் ஆட்டோ செல்வம். முழுப் பெயரைக் கடைசியாகப் பார்த்தது லீசிங் பத்திரத்தில்தான். எஞ்சினை நிறுத்திவிட்டுக் கையை நீட்டினேன். அவர் என்னைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், என் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார். கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஹயர் காசையும் எண்ணித் தந்துவிட்டு வருத்தத்தோடு சொன்னார்: "ஒங்க பேர ஸ்டாண்டிலேயே சொல்லியிருந்தா எனக்கு இந்தக் காசு மிச்சம் தம்பி."

மணி அண்ணன் போட்ட கணக்கு

பதினான்கு மாத நிலுவை என்று தாளில் இருந்தது. கட்டாவிட்டால் உள்ளே போகலாம். ஒரே அடியாகக் கட்டுவதென்றால் வண்டியை விற்க வேண்டும். வண்டியை விற்றால் அடுத்த மாதத் தாபரிப்புக்கு எதை ஓட்டுவது? சோறு இறங்காமல் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் மணி அண்ணன் வந்தார். ஸ்டாண்டில் மூத்தவர். சொந்தத்தில் மூன்று வழக்கு நடத்தியவர் என்பதால் எங்களுக்கெல்லாம் அவர்தான் சட்டப் புத்தகம். மூன்றிலும் தோற்றவர் என்பது அந்த நேரத்தில் யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

"நீ பிள்ளைய ஸ்கூலுக்கு ஏத்துனியா இல்லியா? ஏத்துனா அது ஹயர். ஹயர்னா காசு. அத நிலுவையில கழி" என்றார். கலண்டரிலிருந்து ஒரு தாளைக் கிழித்தார். மற்றப் பிள்ளைகளுக்கு என்ன காசோ அதையே பாப்பாவுக்கும் மாதா மாதம் போட்டார். சனிக்கிழமை டியூசனுக்குப் போக ஒன்று, வர ஒன்று. ஒரு தரம் பிள்ளைக்குக் கடுங்காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன், அது தனி ஹயர். "எவ்வளவு நேரம் நின்ன?" என்றார். மூன்று மணி நேரம் என்றேன். "வெயிட்டிங்" என்று எழுதி அதற்கும் ஒரு தொகை போட்டார். அந்த இடத்தில் என் மனசு உறுத்தியது என்று எழுதினால் எனக்கு மரியாதையாக இருக்கும். உறுத்தவில்லை. வண்டி தப்பியது என்று சந்தோஷமாகத்தான் இருந்தது. கடைசியில் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு மணி அண்ணன் பேனாவை மூடினார்: "டேய் செல்வம், நீ குடுக்க வேண்டியதே இல்ல. அவங்கதான்டா ஒனக்கு மூவாயிரத்தி நானூறு பாக்கி!"

சட்டத்தரணி அம்மாவின் ஆலோசனை

எனக்காக வழக்குப் பேசுகிற சட்டத்தரணி யாழ்ப்பாணத்து அம்மா. ஹட்டனுக்கு வந்து பல வருஷமாகியும் பேச்சில் ஒரு எழுத்தை மாற்றிக்கொள்ளவில்லை. கலண்டர்த் தாளை மேசையில் விரித்து, மேலிருந்து கீழாக ஒரு தரம், கீழிருந்து மேலாக ஒரு தரம் பார்த்தார். "உது என்ன தம்பி, பெத்த மகளை ஏத்தினதுக்குக் காசோ?" என்றார். "எல்லாப் பிள்ளைக்கும் உள்ள ரேட்டுத்தாங்க மேடம். கூடுதலா ஒண்ணும் போடல" என்றேன், ஏதோ தர்மம் செய்தவன் மாதிரி.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோர்ட் சொன்னது பேங்க் புத்தகத்தில் போடத்தான், வெளியே செய்ததெல்லாம் பாசக் கணக்கில் போய்விடும், அதற்கு ரசீது இல்லை என்று பொறுமையாக விளங்கப்படுத்தினார். வருமானம் விழுந்ததைச் சொல்லித் தவணை முறையில் கட்டக் கேட்போம், கிடைக்கும் என்றார். எனக்கு அது காதில் ஏறவில்லை. மூவாயிரத்தி நானூறு கண்ணுக்குள் நின்றது. இந்தக் கணக்கைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். அவர் தாளை ஃபைலுக்குள் வைத்தார். "குடுக்கச் சொன்னாக் குடுக்கிறன், அது என்ர தொழில். ஆனா உதை உம்மட மகள் வாசிக்காமப் பாத்துக்கொள்ளும்."

நீதவான் அம்மாவின் சந்தேகம்

நீதவான் அம்மா சிங்களவர். நாங்கள் தமிழில் சொல்வதை மொழிபெயர்க்க, முதலியார் என்று பதவிப் பெயருள்ள கோர்ட் உத்தியோகத்தர் ஒருவர் பக்கத்தில் நிற்பார். என் கணக்கை அவர் வரி வரியாகச் சிங்களத்தில் வாசித்தார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். விமலா எதிர்ப்பக்கம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளிடமும் அதில் ஒரு பிரதி கொடுத்திருந்தார்கள்.

முதல் அடி கொரோனாவில் விழுந்தது. பள்ளிக்கூடம் மூடியிருந்த மாதங்களில் யாரை ஏற்றினீர்கள் என்று நீதவான் கேட்டார். மணி அண்ணன் கலண்டரைப் பார்த்து மாதம் போட்டாரே தவிர, நாட்டைப் பார்த்துப் போடவில்லை. பின்னால் வாங்குப் பலகையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். முதலியார் அடுத்த வரிக்குப் போனார். ஆஸ்பத்திரி, போகவர ஹயர், வெயிட்டிங் மூன்று மணித்தியாலம். அதற்கு யாரும் சிரிக்கவில்லை. அந்த அமைதிதான் எனக்கு முதல் தரம் சுட்டது.

நீதவான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஏதோ கேட்டார். முதலியார் என் பக்கம் திரும்பினார். "பிள்ளை உள்ள இருந்தப்ப நீங்க எங்க இருந்தீங்க?" என்றார். "உள்ளதாங்க. பிள்ளைக்குப் பக்கத்துல. கைய பிடிச்சுக்கிட்டு" என்றேன். அதையும் அவர் சிங்களத்தில் சொன்னார். நீதவான் அடுத்ததைக் கேட்டார். முதலியார் தொண்டையைச் செருமிக்கொண்டார். அப்புறம் குரலைத் தணித்துச் சொன்னார்: "அப்படின்னா வெளிய ஆட்டோவுல வெயிட் பண்ணிக்கிட்டிருந்த டிரைவர் யாருன்னு கேக்கிறாங்க."

தினசரிக் காசு

வழக்கை அடுத்த மாதத்துக்குத் தள்ளினார்கள். மறுநாள் காலை பீலிக்கரையில் பாப்பா ஏறினாள். முன்னால் வரவில்லை. பின்னால் பிள்ளைகளுக்கு நடுவில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். சளித் தடிமனாக்கும், குளிருகிறதாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கண்ணாடியில் பார்த்தேன், வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு முடிந்திருந்தது. ரொட்டி வரவில்லை, பனியை நானே துடைத்தேன்.

பள்ளிக்கூட வாசலில் மற்றப் பிள்ளைகள் இறங்கி ஓடினார்கள். அவள் மட்டும் நின்றாள். பைக்குள்ளிருந்து மடித்த நோட்டு ஒன்றும் கொஞ்சம் சில்லறையும் எடுத்து என் கையில் வைத்தாள். அழவில்லை, கோபப்படவும் இல்லை. வகுப்பில் ஆசிரியர் கேட்டதற்குப் பதில் சொல்வது மாதிரி தெளிவாகச் சொன்னாள்: "மத்தவங்கல்லாம் மாசக் கடைசியிலதான் குடுக்கிறாங்க. நான் அன்னன்னைக்கே குடுத்துறேன்ப்பா. அப்பதான் கணக்கு வராது."

பஸ் ஓடாத நாள்

அந்தக் காசை நான் வாங்க மாட்டேன் என்று சொன்னேன். அதனால் அடுத்த நாளிலிருந்து அவள் வண்டியில் ஏறவில்லை. தேயிலை மலைக்கு நடுவில் இறங்குகிற குறுக்குப் பாதையில் நடந்து போனாள். நான் ஏழு பிள்ளைகளோடு ரோட்டால் போவேன். மூன்றாவது வளைவில் திரும்பினால் மேலே தேயிலைக்குள் வெள்ளைச் சட்டை ஒன்று தெரியும். ஹோர்ன் அடிப்பேன். அது திரும்பாது.

அடுத்த வழக்கு நாளன்று பஸ்காரர்கள் வேலைநிறுத்தம். காலையிலேயே இருந்த ஆட்டோ எல்லாம் போய்விட்டது. ஸ்டாண்டில் நானும் மணி அண்ணனும் மட்டும். மணி அண்ணன் வண்டிக்கு டயர் இல்லை. விமலா நல்ல சேலை உடுத்தி, ஃபைலை மாரோடு அணைத்துக்கொண்டு வந்தாள். ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தாள். வேறு வழி இல்லாமல் என்னிடம் வந்தாள். "ஹட்டனுக்கு எவ்வளவு?" என்றாள். நானும் அங்கேதானே போகிறேன், சும்மா ஏறு என்றேன். "காசு சொன்னாத்தான் ஏறுவேன்" என்றாள். சொன்னேன், ஏறினாள். என் மேல் வழக்குப் போட்டவளை வழக்குக்கு நானே கொண்டுபோகிறேன். எந்த ஊரிலாவது இந்தக் கூத்து உண்டா?

நோர்வூட் தாண்டும் வரைக்கும் எஞ்சின் மட்டுந்தான் பேசியது. நாள்கணக்கில் பேசுகிறவள் அன்று வாயே திறக்கவில்லை. கடைசியில் நான்தான் கேட்டேன்: "பாப்பாகிட்ட நீ சொன்னியா?" கண்ணாடியில் அவள் கண்ணைத் துடைப்பது தெரிந்தது. "நான் ஏன் சொல்றேன்? அந்தத் தாளை என் பைக்குள்ள ஒளிச்சுத்தான் வச்சிருந்தேன். ஸ்கூல் கொப்பி தேடுறப்ப அவளே எடுத்துட்டா. நீங்க காசு கட்டலன்னு நான் கத்தினப்பல்லாம், அப்பாகிட்ட இருந்தா தருவாரும்மான்னு ஒங்களுக்காக என்கூட சண்டை போடுவா" என்றாள். ஹட்டன் வந்தது. கோர்ட் வாசலில் இறங்கிக் காசை எண்ணி என் பக்கத்தில் வைத்தாள். போகப் போனவள் திரும்பி நின்று சொன்னாள்: "அந்தக் காய்ச்சல் வரிய மட்டும் ரெண்டு தரம் வாசிச்சா."

வாபஸ்

உள்ளே போனதும் சட்டத்தரணி அம்மாவிடம், கணக்கைத் திருப்பி வாங்கிக்கொள்கிறேன் என்றேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை, எழுந்து சொன்னார். முதலியார் சிங்களத்தில் சொன்னார். நீதவான் பேனாவைக் கையில் எடுத்தார். வருமானம் விழுந்ததைக் கேட்டு எழுதிக்கொண்டார். நிலுவையைத் துண்டு துண்டாகக் கட்டலாம், மாதத் தாபரிப்பு ஒரு நாளும் தவறக் கூடாது, தவறினால் வேறு பேச்சில்லை என்று முடித்தார். சட்டத்தரணி அம்மா முதல் நாள் சொன்ன தவணைதான். நடுவில் நான் பண்ணின கூத்து மட்டுந்தான் கூடுதல். அன்றிலிருந்து விடியற்காலையில் லீக்ஸும் கரட்டும் ஏற்றினேன், பகலில் ஆட்களை ஏற்றினேன். வண்டிக்குள் எந்நேரமும் மரக்கறி வாசம். அந்த வாசம் இப்போதும் எனக்குப் பிடிக்கும்.

ஸ்டாண்டுக்குத் திரும்பி வந்து நடந்ததைச் சொன்னதும் மணி அண்ணன் முகம் செத்துப்போனது. மூன்று வழக்கில் தோற்றபோதுகூட மனுஷன் அப்படி இருந்திருக்க மாட்டார். தாளை வாங்கித் திரும்பவும் கூட்டிப் பார்த்தார். பிறகு அதை என் மடியில் எறிந்துவிட்டுச் சொன்னார்: "என் கணக்குல ஒரு பிழையும் இல்ல. நீதான்டா பிழை."

குறுக்குப் பாதை

கணக்கை வாபஸ் வாங்கின செய்தி மேல் டிவிசனுக்குப் போனதும் பிள்ளை ஓடி வந்து வண்டியில் ஏறுவாள் என்று நினைத்தேன். ஏறவில்லை. ஒரு வாரம் பார்த்தேன், இரண்டு வாரம் பார்த்தேன். வெள்ளைச் சட்டை தேயிலைக்குள்ளேயே போனது. கோர்ட்டில் எழுதினதைக் கோர்ட்டில் அழித்துவிடலாம். அவள் வாசித்ததை எங்கே போய் அழிப்பது? உண்மையைச் சொன்னால், ஒரு பகல் நீர்த்தேக்க ஓரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு நன்றாக அழுதேன். ஹயருக்கு வந்த ஒரு பெரியவர் நான் அழுது முடியும் வரை நின்றுவிட்டுத்தான் ஏறினார்.

மறுநாள் ஸ்கூல் ஹயரை, அதற்குள் டயர் வாங்கிப் போட்டிருந்த மணி அண்ணனிடம் விட்டேன். வண்டியைக் கோயிலடியில் நிறுத்திவிட்டு, காலையில் பீலிக்கரைக்கு நடந்து போனேன். பாப்பா என்னைப் பார்த்தாள், ரோட்டைப் பார்த்தாள், வண்டி இல்லை. ஒன்றும் கேட்காமல் குறுக்குப் பாதையில் இறங்கினாள். நான் நாலு அடி பின்னால் இறங்கினேன். வருஷக்கணக்கில் உட்கார்ந்தே பிழைத்த உடம்பு, ஐந்து நிமிஷத்தில் மூச்சு வாங்கியது. மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்களுக்கு நல்ல பொழுதுபோக்கு. "என்ன செல்வம், வண்டிய வித்துட்டியா?" என்று ஒருத்தி கேட்டாள். "இல்லக்கா, பிள்ளைய ஸ்கூலுக்கு விடப் போறேன்" என்றேன். முன்னால் போன கால் ஒரு நிமிஷம் நின்றுவிட்டு நடந்தது. அன்றும் பேசவில்லை, அடுத்த நாளும் பேசவில்லை. நான் என்ன சொல்வது என்று இரண்டு நாளும் யோசித்தேன். மன்னிச்சிரு பாப்பா என்பதைத் தவிர வேறொன்றும் வரவில்லை. அதையும் மூச்சு வாங்கியதால் முதுகைப் பார்த்துத்தான் சொன்னேன்.

மூன்றாம் நாள் மழை விட்ட ஈரம். பள்ளிக்கூட வாசலுக்குக் கொஞ்சம் முன்னால் அவள் திரும்பிப் பார்த்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தாள். செருப்புக்கு மேலே இரண்டு அட்டை, ரத்தம் குடித்து உருண்டு கிடந்தன. எனக்குத் தெரியவே இல்லை. தோட்டத்துப் பிள்ளைக்கு அட்டையை இழுத்துப் பிய்க்கக் கூடாது என்று தெரியும். பைக்குள்ளிருந்து உப்புப் பொட்டலத்தை எடுத்துக் குனிந்து, இரண்டின் மேலும் தூவினாள். அவை விழுந்ததும் இலையால் ரத்தத்தைத் துடைத்தாள். பள்ளிக்கூட மணி அடித்தது. வாத்தியார் கேட்டை மூடுவதற்கு வந்துகொண்டிருந்தார். அவள் எழுந்து பையை மாட்டிக்கொண்டு, எத்தனையோ வாரத்துக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்: "நாளைக்கு வண்டிய கொண்டாங்கப்பா. நீங்க நடக்கிற நடைக்கு நான் தெனம் லேட்டு."

ஆக, கோர்ட்டில் தோற்று, ஸ்டாண்டில் மானம் போய், கடைசியில் இரண்டு அட்டைக்கு ரத்தமும் கொடுத்த பிறகுதான், அத்தனை வருஷம் ஓட்டியும் தெரியாத, மகளிடம் போகிற குறுக்குப் பாதை ஒன்று எங்கள் தோட்டத்திலேயே இருப்பது இந்த ஆட்டோக்காரனுக்குத் தெரிந்தது.